சேவை நிறுவனத்தின் பெட்டியும் சொந்த ரூட்டரும்: வீட்டையும் அலுவலகத்தையும் ஒரே வலையமைப்பில் கொண்டுவருவது எப்படி?

வரைமேசை கேட்டது:

வணக்கம். கீழ்த்தளத்தில் கட்டட வரைபடங்கள் வரைந்து கொடுக்கும் சிறிய அலுவலகமும் மேல்தளத்தில் வீடுமாக இருக்கும் என் கட்டடத்தில், புதிதாக வாங்கிய வைஃபை ரூட்டரை எந்த முறையில் அமைக்க வேண்டும் என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. விவரம் அறிந்தவர்கள் வழிகாட்டினால் உதவியாக இருக்கும்.

ஃபைபர் இணைப்பு கீழ்த்தளத்தின் முன்மூலையில் உள்ளே வருகிறது. சேவை நிறுவனம் கொடுத்த பெட்டி அங்கேயே சுவரில் மாட்டப்பட்டிருக்கிறது; அதிலேயே வைஃபையும் உண்டு. அலுவலகத்தின் மேசைக் கணினிகளும், வரைபடங்களைச் சேர்த்து வைக்கும் கோப்புச் சேமிப்புப் பெட்டியும் பல கேபிள்களை ஒன்றிணைக்கும் ஒரு சிறிய ஸ்விட்ச் வழியாகக் கேபிளில் அந்தப் பெட்டியுடன் இணைந்துள்ளன. அச்சுப்பொறி மட்டும் அதன் வைஃபையில் இருக்கிறது. மாடியில் சிக்னல் எட்டவில்லை என்பதால்தான் புதிய ரூட்டரை வாங்கினேன். கட்டடம் எழுப்பும்போதே கீழிருந்து மாடிக்கு இழுத்து வைத்திருந்த கேபிளை இணையம் உள்ளே வரும் அதன் வேன் (WAN) போர்ட்டில் செருகி இயக்கியபோது, முகவரி மோதுவதால் தன்னுடைய முகவரியை 192.168.0.1 என்று மாற்றிக்கொள்வதாக அது ஓர் அறிவிப்பைக் காட்டியது; நானும் சம்மதம் கொடுத்தேன். இணையம் மாடியில் உடனே வந்துவிட்டது.

அதன் பிறகுதான் சிக்கல்கள் தொடங்கின. மாடியில் இருக்கும்போது கைபேசியோ மடிக்கணினியோ அச்சுப்பொறியைத் தேடினால் ஒன்றும் அகப்படுவதில்லை. ஆனால் அச்சுப்பொறியின் முகவரியான 192.168.1.40 என்ற எண்ணை உலாவியில் தட்டச்சு செய்தால் அதன் அமைப்புப் பக்கம் மட்டும் தடையில்லாமல் திறக்கிறது. கீழேயுள்ள கணினிகளிலிருந்து மாடியில் உள்ள மடிக்கணினியைத் தொடவே முடியவில்லை. இரண்டாவதாக, கீழே யாராவது பெரிய வரைபடக் கோப்புகளை வாடிக்கையாளருக்குப் பதிவேற்றும்போது மாடியில் நடக்கும் காணொளி அழைப்புகள் உறைந்து நின்றுவிடுகின்றன. மூன்றாவதாக, அலுவலகத்துக்கு வருபவர்கள் வைஃபை கடவுச்சொல்லைக் கேட்கிறார்கள். கொடுத்தால் சேமிப்புப் பெட்டி இருக்கும் அதே வலையமைப்புக்குள் அவர்களும் வந்துவிடுகிறார்கள்.

இவை மூன்றும் தனித்தனிச் சிக்கல்களா, ஒரே வேரிலிருந்து வருபவையா? எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து அமைக்கவும் நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

---

நடுச்சுவர் எழுதிய மறுமொழி:

வணக்கம் ஐயா. எண்ணைத் தட்டினால் அச்சுப்பொறியின் பக்கம் திறக்கிறது, தேடினால் அகப்படுவதில்லை என்று நீங்கள் கவனித்து எழுதியிருப்பதிலேயே முதல் சிக்கலின் விடை இருக்கிறது.

உங்களிடம் இப்போது ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வலையமைப்புகள் இருக்கின்றன. சேவை நிறுவனத்தின் பெட்டி 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளைக் கீழ்த்தளத்துக்கு வழங்குகிறது. புதிய ரூட்டர் அந்த முகவரிகளில் ஒன்றைத் தன் வேன் பக்கத்துக்கு வாங்கிக்கொண்டு, தனக்குப் பின்னால் 192.168.0 என்று தொடங்கும் வேறொரு வலையமைப்பை மாடிக்கு உருவாக்கியிருக்கிறது. மாடியிலிருந்து கிளம்பும் எந்தத் தரவும் முதலில் புதிய ரூட்டரில் ஒருமுறையும், பிறகு பழைய பெட்டியில் இன்னொரு முறையும் முகவரி மாற்றம் பெற்றே வெளியே செல்கிறது. இரட்டை முகவரி மாற்றம், அதாவது இரட்டை என்.ஏ.டி. என்று சொல்லப்படுவது இதுதான். உள்ளிருந்து வெளியே போகும் கோரிக்கையை ரூட்டர் அனுமதிக்கும் என்பதால் மாடியிலிருந்து 192.168.1.40 திறக்கிறது, வெளிப்பக்கத்திலிருந்து தானாக வரும் கோரிக்கையை அது தடுத்துவிடும் என்பதால் கீழிருந்து மாடியைத் தொட முடிவதில்லை. தேடல் என்பது வேறு வகை: அச்சுப்பொறி ஏதும் இருக்கிறதா என்று கைபேசி தன் வலையமைப்பு முழுவதற்கும் பொதுவாக ஓர் அறிவிப்பை அனுப்பும், அந்த அறிவிப்பு ரூட்டரைத் தாண்டி அடுத்த வலையமைப்புக்குப் போகாது.

தீர்வு எளிது. புதிய ரூட்டரை ரூட்டராக அல்லாமல் அக்சஸ் பாயிண்ட்டாக மாற்றிவிடுங்கள். அமைப்புப் பக்கத்தில் இயக்க முறை என்ற பகுதியில் அந்தத் தேர்வு பெரும்பாலும் இருக்கும். தேர்ந்தெடுத்தால் கருவி மறுதொடக்கமாகி, முகவரி வழங்கும் வேலையைக் கீழேயுள்ள பெட்டிக்கே விட்டுவிட்டு வைஃபையை மட்டும் பரப்பும்.

அந்தத் தேர்வு இல்லாத கருவிகளிலும் கையால் இதைச் செய்யலாம், ஆனால் வரிசை முக்கியம். மாடிக்கு வரும் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு மடிக்கணினியைக் கேபிள் மூலம் ரூட்டரின் லேன் (LAN) போர்ட்டில், அதாவது உள்வீட்டுக் கருவிகளுக்கான போர்ட்டில் இணையுங்கள். முதலில் ரூட்டரின் சொந்த முகவரியைக் கீழ்த்தள வரிசையில் யாருக்கும் வழங்கப்படாத ஓர் எண்ணுக்கு, எடுத்துக்காட்டாக 192.168.1.2 என்பதற்கு மாற்றுங்கள். கீழேயுள்ள பெட்டி எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை வழங்குகிறது என்பதை அதன் டி.எச்.சி.பி. (முகவரி வழங்கும் சேவை) பக்கத்தில் பார்த்து, அந்த எல்லைக்கு வெளியே உள்ள எண்ணாகத் தேர்ந்துகொள்ளுங்கள். வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் அப்போதே அமைத்துவிடுவது நல்லது. டி.எச்.சி.பி. சேவையை அணைப்பது கடைசி வேலையாகத்தான் இருக்க வேண்டும். முன்னதாகவே அணைத்தால் மடிக்கணினிக்கு முகவரி கிடைக்காமல் 169.254 என்று தொடங்கும் ஒரு தற்காலிக எண்ணில் அது நிற்கும், ரூட்டரின் பக்கமும் திறக்காது. எல்லாம் முடிந்ததும் கீழிருந்து வரும் கேபிளை வேன் போர்ட்டில் அல்லாமல் லேன் போர்ட்டில் செருகுங்கள். அச்சுப்பொறி அடுத்த நிமிடமே தேடலில் தென்பட்டுவிடும்.

---

கம்பிப்பாலம் எழுதிய மறுமொழி:

நடுச்சுவர் சொன்ன காரணம் முழுவதும் சரி. ஆனால் அவர் சொன்ன தீர்வை அப்படியே செய்தால் ஐயாவின் முதல் சிக்கல் தீரும், மூன்றாவது சிக்கல் தீராது என்பதால் சற்று மாறுபட விரும்புகிறேன்.

விருந்தினர் வைஃபை என்ற வசதி பெரும்பாலான வீட்டு ரூட்டர்களில் அந்த ரூட்டரின் சொந்தப் பாதுகாப்புச் சுவரை நம்பித்தான் இயங்குகிறது. கருவியை அக்சஸ் பாயிண்ட் முறைக்கு மாற்றியதும் அந்தச் சுவர் வேலையை விட்டுவிடுகிறது. சில கருவிகளில் விருந்தினர் வைஃபைக்கான தேர்வே மறைந்துவிடும். வேறு சிலவற்றில் பெயர் மட்டும் தனியாகத் தெரியும், ஆனால் அதில் இணைபவருக்கும் 192.168.1 வரிசையிலேயே முகவரி கிடைத்து, சேமிப்புப் பெட்டி கண்ணெதிரே வந்து நிற்கும். இந்த இரண்டாவது வகைதான் ஆபத்தானது. தனி வைஃபை கொடுத்துவிட்டோம் என்ற நிம்மதியில் நாம் சோதித்துப் பார்க்கவே மாட்டோம்.

ஆகவே முதலில் முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான்: உங்கள் கருவிகள் அனைத்துக்கும் முகவரி கொடுத்து, வாசலில் நிற்கப்போகும் ரூட்டர் எது? சேவை நிறுவனங்கள் கொடுக்கும் பெட்டிகளில் அமைப்புகள் குறைவாகவும், பல இடங்களில் பூட்டப்பட்டும் இருப்பதால், அந்த இடத்தில் உங்கள் சொந்த ரூட்டரை வைப்பதே நல்லது என்பது என் கருத்து. அதாவது புதிய ரூட்டர் மாடியிலிருந்து இறங்கிக் கீழ்த்தளத்துக்கு வர வேண்டும். நிறுவனத்தின் பெட்டியிலிருந்து ஒரே ஒரு கேபிள் அதன் வேன் போர்ட்டுக்கு வர வேண்டும். அலுவலக ஸ்விட்ச், அச்சுப்பொறி, சேமிப்புப் பெட்டி, மாடிக்குப் போகும் கேபிள் ஆகிய அனைத்தும் புதிய ரூட்டருக்குப் பின்னால் வர வேண்டும். பழைய பெட்டியின் வைஃபையை அணைத்துவிட வேண்டும்.

இதற்கு மேல், நிறுவனத்தின் பெட்டியைப் பிரிட்ஜ் முறைக்கு மாற்றித் தரும்படி கேட்டுப் பார்க்கலாம். அந்த முறையில் பெட்டி முகவரி மாற்றம் எதையும் செய்யாமல், ஒளிச் சைகையை மின் சைகையாக மாற்றித் தரும் வேலையோடு நின்றுவிடும். இணைய உலகம் பார்க்கும் முகவரி நேராக உங்கள் ரூட்டருக்கே வந்து சேரும். கேட்பதற்கு முன்பு சில விவரங்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இணைப்பு பி.பி.பி.ஓ.ஈ. வகை, அதாவது பயனர்பெயர் கொடுத்து நுழையும் வகை என்றால் அதன் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் உங்கள் ரூட்டரில் இடப்பட வேண்டும். நிறுவனம் தன் போக்குவரத்தைப் பிரிக்க இடும் வீலேன் எண் ஏதேனும் பயன்படுகிறதா என்பதும் தெரிந்திருக்க வேண்டும், ஏனெனில் அந்த எண் இல்லாவிட்டால் கடவுச்சொல் சரியாக இருந்தும் இணைப்பு ஏற்படாது. தரைவழித் தொலைபேசியும் அதே பெட்டியிலிருந்து வருமானால், பிரிட்ஜ் முறையில் அது தொடர்ந்து இயங்குமா என்பதைத் தெளிவாகக் கேட்டுவிடுங்கள்.

பி.பி.பி.ஓ.ஈ. குறித்து இன்னொரு சிறு செய்தி. ஈதர்நெட்டில் ஒரு தரவுப் பொதியின் உச்ச அளவு 1500 பைட், பி.பி.பி.ஓ.ஈ. அதில் 8 பைட்டைத் தன் தலைப்புக்கு எடுத்துக்கொள்வதால் 1492 தான் மிஞ்சும். ரூட்டரில் எம்.டி.யூ. என்ற இடத்தில் தவறுதலாக 1500 இருந்தால் சில இணையதளங்கள் திறக்கும், சில பாதியில் நின்றுவிடும் என்ற புரியாத கோளாறு வரலாம். பெரும்பாலான ரூட்டர்கள் இதைத் தாமாகவே சரியாக வைத்துக்கொள்ளும். ஆனாலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நிறுவனம் பிரிட்ஜ் முறைக்கு மறுத்துவிட்டால்? கவலைப்பட வேண்டாம். இரட்டை முகவரி மாற்றம் என்றாலே கேடு என்று பலரும் எழுதுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உங்களுக்குத் தொல்லை கொடுத்தது இரட்டை மாற்றம் அல்ல, உங்கள் கருவிகள் அதன் இரு பக்கங்களிலும் சிதறிக் கிடந்ததுதான். அனைத்தும் புதிய ரூட்டருக்குப் பின்னால் ஒரே பக்கத்தில் வந்துவிட்டால், முன்னால் இன்னொரு மாற்றம் நடந்தாலும் உலாவல், மின்னஞ்சல், காணொளி அழைப்பு எதுவும் அதை உணராது. வெளியூரிலிருந்து உங்கள் சேமிப்புப் பெட்டியை நேராக அழைக்க வேண்டும் என்றால் மட்டுமே அது குறுக்கே நிற்கும். அதற்கும், ரூட்டரின் நிலைப் பக்கத்தில் வேன் முகவரி என்னவென்று பாருங்கள். பிரிட்ஜ் முறைக்குப் பின்பும் அது 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையில் இருந்தால், சேவை நிறுவனமே தன்னிடத்தில் பலரை ஒரே பொது முகவரியின் கீழ் அடுக்கியிருக்கிறது என்று பொருள். 2012 இல் இந்த வரிசை அதற்கென்றே ஒதுக்கப்பட்டது. அந்த நிலையில் வீட்டுக்குள் எதை மாற்றினாலும் வெளியிலிருந்து நேரடி வழி திறக்காது.

---

அலைக்கணக்கு எழுதிய மறுமொழி:

முன்னிருவரும் அச்சுப்பொறியையும் விருந்தினரையும் பார்த்துக்கொண்டார்கள். நான் காணொளி அழைப்பு உறைவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் இதை வைஃபை கோளாறு என்று எண்ணிப் புதிய கருவிகளை வாங்குபவர்களே அதிகம்.

கோப்புப் பதிவேற்றம் நடக்கும்போது மட்டும் அழைப்பு உறைகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதால், ஐயம் வெளியே செல்லும் பாதையின் மீதுதான் விழுகிறது. பல இணைப்புகளில் பதிவேற்ற வேகம் பதிவிறக்க வேகத்தைவிடக் குறைவாக இருக்கும். ஒரு கணினி பெரிய கோப்பை முழு வேகத்தில் தள்ளும்போது, வெளியே போக முடியாத பொதிகள் வாசலில் உள்ள கருவியின் இடைநினைவகத்தில் வரிசை கட்டி நிற்கின்றன. அழைப்பின் சிறிய பொதிகளும் அதே வரிசையின் கடைசியில் நிற்க வேண்டியிருக்கிறது. மருந்துக்கடையில் மாதம் முழுவதற்குமான மருந்து வாங்க வந்தவர், ஒரு மாத்திரை வாங்க வந்தவர் என்ற வேறுபாடு இல்லாமல் ஒரே சாளரத்தில் அனைவரையும் நிறுத்துவதைப் போன்றது இது. வேகப் பரிசோதனையில் இது தெரியாது. தாமதத்தை அளந்தால்தான் தெரியும்.

அளப்பதற்குப் பணம் செலவாகாது. மாடியில் உள்ள மடிக்கணினியில் மூன்று கட்டளைச் சாளரங்களைத் திறந்து, ஒன்றில் மாடி ரூட்டரின் 192.168.0.1 என்ற முகவரிக்கும், அடுத்ததில் கீழ்ப் பெட்டியின் 192.168.1.1 என்ற முகவரிக்கும், மூன்றாவதில் 1.1.1.1 அல்லது 8.8.8.8 போன்ற ஒரு பொது முகவரிக்கும் தொடர்ந்து பிங் (பதில் வர ஆகும் நேரத்தை அளக்கும் கட்டளை) ஓடும்படி விடுங்கள். பிறகு கீழே ஒருவரை ஒரு பெரிய கோப்பைப் பதிவேற்றச் சொல்லுங்கள். முதல் சாளரத்திலேயே எண்கள் தாறுமாறாக ஏறி இறங்கினால் குறை வைஃபையில். முதலாவது அமைதியாக இருந்து இரண்டாவது குதித்தால் இடையிலுள்ள கேபிளையோ ஸ்விட்ச்சையோ பாருங்கள். இரண்டும் சில மில்லி வினாடிகளில் நிலையாக நிற்க, மூன்றாவது மட்டும் பல நூறு மில்லி வினாடிகளுக்கு ஏறினால் குறை வாசல் வரிசையில்தான்; எத்தனை அக்சஸ் பாயிண்ட் வாங்கினாலும் அது தீராது.

தீர்வு, ரூட்டரில் எஸ்.க்யூ.எம். அல்லது க்யூ.ஓ.எஸ். என்ற பெயரில் இருக்கும் வரிசை மேலாண்மையை இயக்குவது. நல்ல கருவிகளில் எஃப்.க்யூ.கோடெல் அல்லது கேக் என்ற முறைகள் இருக்கும். இருந்தால் அவற்றையே தேர்ந்தெடுங்கள். அளந்து பார்த்த பதிவேற்ற வேகத்தில் 85 முதல் 90 விழுக்காட்டை உச்சவரம்பாக எழுத வேண்டும். முழு வேகத்தை எழுதினால் வரிசை மீண்டும் நிறுவனத்தின் பெட்டிக்கே நகர்ந்துவிடும். அங்கே அதைக் கட்டுப்படுத்த நம்மால் முடியாது. கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுத்துத் தாமதத்தைத் தவிர்ப்பதே இதன் உத்தி.

இங்கேதான் கம்பிப்பாலம் சொன்னது வலுப்பெறுகிறது. இப்போது மாடி ரூட்டரில் இந்த வசதியை இயக்கினாலும் பயனில்லை, ஏனெனில் அலுவலகத்தின் பதிவேற்றங்கள் அந்த ரூட்டரைத் தொடாமலேயே வெளியே போகின்றன. தன் கண்ணில் படாத போக்குவரத்தை அது எப்படி ஒழுங்குபடுத்தும்? எல்லாத் தரவும் கடந்து செல்லும் இடத்தில், அதாவது வாசலில் அது இருந்தால்தான் இந்த உத்தி பலிக்கும்.

---

வரைமேசை எழுதிய மறுமொழி:

மூவருக்கும் மிக்க நன்றி. பிங் சோதனையைச் செய்து பார்த்தேன். முதல் இரண்டு சாளரங்களும் அசையவில்லை. பதிவேற்றம் தொடங்கிய சில வினாடிகளில் மூன்றாவது மட்டும் நானூறைத் தாண்டி ஏறியது, பதிவேற்றத்தை நிறுத்தியதும் பழைய நிலைக்கு இறங்கியது. பிரிட்ஜ் முறையைச் சேவை நிறுவனம் மறுத்துவிட்டது. ஆகவே கம்பிப்பாலம் சொன்ன இரண்டாம் வழிப்படி புதிய ரூட்டரைக் கீழே கொண்டுவந்து, எல்லாவற்றையும் அதன் பின்னால் மாற்றிவிட்டேன். அச்சுப்பொறி உடனே தென்பட்டது, விருந்தினர் பெயரில் இணைந்தால் சேமிப்புப் பெட்டி திறக்கவில்லை என்பதையும் சோதித்துக்கொண்டேன். வரிசை மேலாண்மையை இயக்கிய பிறகு அழைப்புகள் உறைவதில்லை.

மாடிக்கு, அலமாரியில் கிடந்த பழைய இரட்டை அலைவரிசை ரூட்டரை நடுச்சுவர் சொன்ன வரிசைப்படி அக்சஸ் பாயிண்ட்டாக அமைத்திருக்கிறேன். இன்னும் மூன்று ஐயங்கள். மாடிக் கேபிளில் இணைப்பு வேகம் 100 எம்.பி.பி.எஸ். (வினாடிக்கு 100 மெகாபிட்) என்றே காட்டுகிறது, இரு முனைகளிலும் உள்ள கருவிகள் 1000 வரை தாங்கும் என்றாலும். டபிள்யூ.பி.ஏ.3 பாதுகாப்பைத் தேர்ந்தெடுத்ததும் வாசல் கேமராக்களும் அச்சுப்பொறியும் இணைய மறுக்கின்றன. கீழிருந்து மாடிக்கு ஏறிய பிறகும் கைபேசி கீழேயுள்ள வைஃபையையே விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

---

கம்பிப்பாலம் எழுதிய மறுமொழி:

மாடிக் கேபிளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 100 வேகத்துக்கு எட்டுக் கம்பிகளில் நான்கு போதும்: 1, 2, 3, 6 ஆகிய முனைகள். 1000 வேகத்துக்கு எட்டும் தேவை. ஆகவே 4, 5, 7, 8 இல் ஒரு கம்பி மட்டும் சரியாகப் பதியாமல் இருந்தாலும் இருமுனைக் கருவிகளும் ஒத்துப்போய் 100 இல் நின்றுவிடும். இணையம் வேலை செய்யும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். கேபிள் கேட்-5ஈ என்ற தரத்தில் அல்லது அதற்கு மேற்பட்டதாக இருந்தால் 100 மீட்டர் வரை 1000 வேகம் கிடைக்க வேண்டும், ஆகவே பெரும்பாலும் குறை முனைச் செருகியில்தான் இருக்கும். கேபிள் உங்கள் பக்கமும் செருகியின் தாழ்ப்பாள் கீழேயும் இருக்கும்படி பிடித்துக்கொண்டு, ஒளி ஊடுருவும் அதன் உடலுக்குள் கம்பிகளின் நிறங்களை இடமிருந்து வலமாகப் படியுங்கள்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. இரு முனைகளிலும் இதே வரிசை இருக்க வேண்டும். பச்சை இணையின் நடுவே நீல இணை நுழைந்திருப்பதைக் கவனியுங்கள். நிறங்களை இணை இணையாக அடுக்கிவிடுவதுதான் கைப்பழக்கம் இல்லாதவர்கள் செய்வது. ஏதேனும் ஒரு கம்பியின் செம்பு முனை செருகியின் எல்லை வரை எட்டாமல் பின்தங்கியிருந்தால், வெட்டிவிட்டுப் புதிய செருகியை அழுத்திப் பொருத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, டபிள்யூ.பி.ஏ.3 அறிமுகமானது 2018 இல்தான். அதற்கு முந்தைய கேமராக்களும் அச்சுப்பொறிகளும் அதை அறியாதது இயல்பு. டபிள்யூ.பி.ஏ.2 உம் 3 உம் கலந்த முறையை முதலில் முயன்று பாருங்கள். அதிலும் அடம் பிடிக்கும் கருவிகள் உண்டு, அவற்றுக்காக 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் டபிள்யூ.பி.ஏ.2 ஏ.இ.எஸ். என்ற தேர்வை வைத்து, 5 கிகாஹெர்ட்ஸில் புதிய முறையை விட்டுவிடலாம். கடவுச்சொல் 8 முதல் 63 எழுத்துகள் வரை இருக்கலாம் என்பதால், நீளத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கடவுச்சொல் இல்லாமல் குறியீட்டாலோ பொத்தானாலோ இணைக்கும் டபிள்யூ.பி.எஸ். வசதியை மட்டும் கட்டாயம் அணைத்துவிடுங்கள்: அதன் எட்டு இலக்கக் குறியீட்டை ரூட்டர் இரு பாதிகளாகத் தனித்தனியே சரிபார்ப்பதாலும், கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது என்பதாலும், பத்துக் கோடி வாய்ப்புகள் இருக்க வேண்டிய இடத்தில் 11,000 முயற்சிகளே போதும் என்பது 2011 இலேயே வெளிப்பட்டுவிட்டது. வைஃபை பெயரை மறைப்பதும், கருவிகளின் வன்பொருள் அடையாளமான மேக் முகவரிகளைப் பட்டியலிட்டு அனுமதிப்பதும் பாதுகாப்பைப் போலத் தோன்றும் உழைப்பு மட்டுமே.

கேமராக்களை விருந்தினர் வலையமைப்பில் சேர்த்துவிடுவது நல்லது, அவை நிறுவனச் சேவையகம் வழியாகக் கைபேசிக்குப் படம் அனுப்பும் வகை என்றால். 2016 இல் மிராய் என்ற தீநிரல் எண்ணற்ற கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்தது எந்த நுட்பத்தாலும் அல்ல, தொழிற்சாலையில் வைத்த பயனர்பெயரும் கடவுச்சொல்லும் மாற்றப்படாமல் கிடந்ததால்தான். ரூட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லும் வைஃபை கடவுச்சொல்லும் வேறுவேறாக இருக்கட்டும். இணையத்திலிருந்து நிர்வகிக்கும் வசதி அணைந்திருக்கட்டும். பழைய ரூட்டருக்கு ஃபர்ம்வேர் (உள்ளமை மென்பொருள்) புதுப்பிப்பு இன்னும் வெளிவருகிறதா என்றும் பாருங்கள்.

அச்சுப்பொறிக்கு ரூட்டரின் டி.எச்.சி.பி. பக்கத்தில் நிலையான முகவரி ஒன்றை ஒதுக்கிவிடுங்கள். அச்சுப்பொறியின் உள்ளே போய் எண்ணை எழுதுவதைவிட இது மேல். நாளைக்கு ரூட்டரின் முகவரி வரிசை மாறினாலும் அது தானாகவே உடன் மாறிக்கொள்ளும்.

---

அலைக்கணக்கு எழுதிய மறுமொழி:

கைபேசி கீழேயுள்ள வைஃபையை விடாமல் பிடித்துக்கொள்வதற்கு ரூட்டர் காரணமல்ல. எந்த அக்சஸ் பாயிண்ட்டோடு இணைவது, எப்போது விடுவது என்பதைக் கைபேசிதான் முடிவு செய்கிறது. கீழேயிருந்து வரும் சிக்னல் பேசிக்கொள்ளும் அளவுக்காவது இருக்கும் வரை பலவும் மாற முனைவதில்லை. ஆகவே செய்ய வேண்டியது, எல்லாரும் நினைப்பதற்கு நேர்மாறானது: கீழ் ரூட்டரின் அலைபரப்புத் திறனை உச்சத்திலிருந்து நடுத்தரத்துக்குக் குறையுங்கள். எப்படியும் கைபேசியின் சொந்தத் திறன் ரூட்டரைவிடக் குறைவு. ரூட்டர் சொல்வது கைபேசிக்குக் கேட்டும், கைபேசி சொல்வது ரூட்டருக்குக் கேட்காத தூரத்தில் முழுப் பட்டைகள் தெரிந்து பயனில்லை.

கீழ் ரூட்டர், மாடிக் கருவி இரண்டிலும் வைஃபை பெயர், கடவுச்சொல், பாதுகாப்பு முறை ஆகிய மூன்றும் ஒன்றாகவும், சேனல்கள் வேறாகவும் இருக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகிய மூன்றும்தான் ஒன்றன்மேல் ஒன்று படியாதவை. கீழே 1 என்றால் மேலே 6 அல்லது 11. அக்கம்பக்கத்தில் நெரிசல் என்று 3 அல்லது 4 ஐத் தேர்ந்தெடுப்பவர்கள் இருபுறத்து நெரிசலையும் விலைகொடுத்து வாங்குகிறார்கள். அகலம் 20 மெகாஹெர்ட்ஸோடு நிற்கட்டும். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம்; 80 அகலத்தில் கீழே 36, மேலே 149 என்று வைக்கலாம், உங்கள் ரூட்டரில் நாட்டுத் தேர்வு சரியாக இருந்து அந்தச் சேனல்கள் பட்டியலில் தென்பட்டால். 52 முதல் 144 வரையிலான சேனல்கள் ரேடாரோடு பகிர்ந்துகொள்ளப்படுபவை. அங்கே ரூட்டர் குறைந்தது 60 வினாடிகள் செவிமடுத்த பிறகே ஒலிபரப்பத் தொடங்கும், ரேடார் சைகை கேட்டால் உடனே சேனலைக் காலி செய்துவிடும். அழைப்பின் நடுவே அது நடந்தால் காரணம் புரியாது.

கேமரா, அச்சுப்பொறி ஆகியவை 2.4 ஐ மட்டுமே அறிந்தவை என்றால், இரு அலைவரிசைகளும் ஒரே பெயரில் இருக்கும்போது முதல் இணைப்பு சில வேளைகளில் தடுமாறும். 5 கிகாஹெர்ட்ஸைச் சற்று நேரம் அணைத்துவிட்டு அவற்றை இணைத்துவிட்டால், மீண்டும் இயக்கிய பிறகு அவை தம் இடத்தில் கிடக்கும்.

கீழ் ரூட்டரை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. நிறுவனத்தின் பெட்டிக்குப் பக்கத்திலேயே முன்மூலையில் வைத்திருந்தால், அலையில் பாதி வாசலுக்கு வெளியே போகிறது. ஒரு நீளமான கேபிளில் தளத்தின் நடுப்பகுதிக்குக் கொண்டுவந்து, தோள் உயரத்துக்கு மேல், இரும்பு அலமாரிக்குள்ளோ கண்ணாடிக்குப் பின்னாலோ அல்லாமல் திறந்த இடத்தில் மாட்டுங்கள். ஆன்டெனாக்கள் நிமிர்ந்து நின்றால் அலை பக்கவாட்டில் அதே தளத்தில் பரவும், நேர் மேலே குறைவாகப் போகும். மாடிக்குத் தனிக் கருவி இருப்பதால் உங்களுக்கு வேண்டியதும் அதுதான். இடத்தை மாற்றிய பிறகு, அலுவலகத்தின் கடைசி மேசையில் கைபேசியை வைத்து ஒரு வைஃபை அளவி செயலியில் சிக்னலைப் பாருங்கள். கழித்தல் 67 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அலகு) அல்லது அதைவிடப் பூச்சியத்துக்கு நெருங்கிய எண் என்றால் காணொளி அழைப்புக்குப் போதும். கழித்தல் 75 ஐத் தாண்டினால் அந்த மேசைக்கு ஒரு கேபிள் இழுத்துவிடுங்கள்.